கைகாட்டியும் பல் டாக்டரும்

எங்கள் குடியிருப்பில் பைத்தியம் யார் என்று கேட்டால் முன்பெல்லாம் யோசிக்காமல் பதில் வரும். மூன்றாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய வீடு, ரயில் ஓட்டுகிற அம்மா. பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள். கைகாட்டி என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. தங்களுக்கெல்லாம் புத்தி சரியாக இருக்கிறது என்பதற்கு அந்தச் சிரிப்பைத் தவிர அவர்களிடம் வேறு அத்தாட்சி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கைகாட்டி என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. நான் எதிர் வீடு. ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் நான் நிதானமானவள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுப்பதில்லை. மறுத்துப் பேசினால் நிதானம் போய்விட்டது என்பார்கள்.

அக்கா ரயில் எஞ்சினில் ஏறியபோது அவள் வயதுப் பெண்கள் மாப்பிள்ளை போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார். அப்புறம் பசி எடுத்துச் சாப்பிட்டார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்கவைத்தாள், தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், தம்பி குடும்பத்தோடு அதே வீட்டில் ஒரு அறையில் இருந்தாள். அறையில் ஒரு கட்டில், ஒரு அலாரம், கொடியில் துவைத்துப் போட்ட சீருடை. படுத்தால் கட்டை மாதிரித் தூங்குவாள். அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை அந்த எஞ்சின் இருக்கை. வயது முடிந்து இறக்கிவிடும்வரை அதில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சினில் ஒரு வழக்கம் இருக்கிறது. சிக்னல் கண்ணில் பட்டதும் ஓட்டுபவர் கையை நீட்டிச் சுட்டிக்காட்டி, "பச்சை!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் துணை ஓட்டுநர் தானும் பார்த்து, "பச்சை!" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கண் பார்த்ததை வாய் சொன்னால், வாய் சொன்னதைக் காது கேட்டால், மனசு வேறெங்கும் ஓடாது என்பது கணக்கு. பின்னால் ரயில் நிறையத் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள் உயிரோடு இறங்குவது இந்தக் கூச்சலால்தான்.

இத்தனை வருஷப் பழக்கம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா? அக்கா வீட்டிலும் அப்படித்தான். வேலைக்குக் கிளம்பும்போது அடுப்படியில் நின்று கையை நீட்டி, "அடுப்பு அணைஞ்சது!" குளியலறையைப் பார்த்து, "குழாய் மூடியாச்சு!" வாசலில், "கதவு பூட்டியாச்சு!" ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நொடி நிற்பாள். யாராவது திருப்பிச் சொல்வார்களா என்று காது காத்திருக்கும். யாரும் சொல்ல மாட்டார்கள். போய்விடுவாள்.

தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்துக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு. மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை, யார் என்ன சொன்னாலும் ஒரு "சரிங்க". இந்த மாதிரி ஆளைப் பார்த்தால் எங்கள் ஜனங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். சமீபத்தில் அவனுக்கு ஆபீசில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள் என்று அவன் மனைவி மாடி மாடியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். சொல்லாத வீடு காலியாக இருந்த வீடு மட்டும்தான்.

அந்தக் காலி வீட்டைப் பார்க்க ஆள் வந்த அன்றுதான் வினை ஆரம்பித்தது. குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு செயலாளர் உண்டு. ஓய்வு பெற்ற மனிதர். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட வக்கில்லை, ஆனால் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பது விரல் நுனியில் இருக்கும். அவர் வீடும் எங்கள் மாடியில்தான். வந்தவரிடம், "ரொம்ப டீசென்டான இடம் சார், எல்லாம் குடும்பஸ்தங்க" என்று அளந்துகொண்டே நடையில் வருகிறார். அக்கா சீருடையில் வெளியே வந்தாள். தன் கதவைக் காட்டி, "பூட்டியாச்சு!" என்றாள். லிப்டைக் காட்டி, "வரலை!" என்றாள். செயலாளர் தன் வீட்டுக் கதவை அகலத் திறந்துபோட்டு வந்திருந்தார். அதையும் விடாமல் கையை நீட்டி, "கதவு திறந்திருக்கு!" என்று சொல்லி, ஒரு நொடி நின்று, படியிறங்கிப் போய்விட்டாள்.

வந்தவர் மெதுவாக, "இவங்க...?" என்று இழுத்தார். அதன்பிறகு வரவே இல்லை.

செயலாளர் ரயில்வேக்குப் புகார் எழுதினார். மனநிலை சரியில்லாத ஒரு பெண்ணிடம் ஆயிரம் பேர் உயிரை ஒப்படைத்திருக்கிறீர்களே என்று உருகியிருந்தார். அவர் ரயிலில் போய் எவ்வளவு காலமாகிறது என்பது வேறு விஷயம். அவர் ஒருவர் எழுதியிருந்தால் ஆபீசில் மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்திருப்பார்கள். அதன் கீழே, குடும்பத்தினர் என்ற முறையில் இன்னொரு கையெழுத்து இருந்தது. தம்பியின் கையெழுத்து.

அக்காவை எஞ்சினிலிருந்து இறக்கிவிட்டார்கள். மனநல ஆலோசகர் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும்வரை டிப்போவில் நாற்காலி. அறிக்கை எதிராக வந்தால் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. அக்கா அழவில்லை. காலையில் கிளம்பும்போது, "அடுப்பு அணைஞ்சது" என்று சொல்லக் கையைத் தூக்கினவள், தூக்கின கையைக் கீழே போட்டதை நான் பார்த்தேன். தம்பி அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். தலைகீழாகப் பிடித்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஆலோசகர் அக்காவைத் தனியாகச் சில தடவை பார்த்தார். அப்புறம், வீட்டில் எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டும், வீட்டு ஆட்கள் வரட்டும் என்றார். தம்பி, தம்பி மனைவி, நிதானத்துக்கு நான். கூப்பிடாமலே செயலாளரும் வந்தார். ஆலோசகர் கதவருகில் நின்று, "நீங்க குடும்பமா?" என்று கேட்டார். "சங்கம்" என்றார் இவர். கதவு சாத்தப்பட்டது. மனநலத் துறைமேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது அப்போதுதான்.

சின்ன அறை. ஜன்னலில் தூசி படிந்த திரை, மேஜையில் மூடி தொலைந்த பேனாக்கள். ஆலோசகருக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நான் மருந்து எழுதற டாக்டர் இல்ல, உளவியல் படிச்சவ. சரி, இவங்ககிட்ட என்ன பிரச்சினை, சொல்லுங்க" என்றார்.

தம்பி மனைவி தயாராக வந்திருந்தாள். "நார்மலா இல்லைங்க டாக்டர்."

"நார்மல்னா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். தினமும் பத்துத் தடவை புழங்குகிற சொல்லின் அர்த்தம் அங்கே விழுந்து கிடக்கிறதோ என்னவோ.

"எல்லாரும் இருக்கற மாதிரி இல்லைங்க" என்றாள் கடைசியில்.

"நிறையப் பேர் பண்ணாததைப் பண்ணினா வியாதியா? ரயில் ஓட்டற பொம்பளைங்ககூட ரொம்பக் கம்மி. அப்ப அதுவும் வியாதியா?"

ஆமாம் என்ற சொல் அவள் வாய்வரை வந்தது, நான் பார்த்தேன். முழுங்கிக்கொண்டாள்.

"அரிதா இருக்குங்கறதையும் நாங்க பாக்கறதுதான். ஆனா அது மட்டும் போதாது. பல் சொத்தை பாதிப் பேருக்கு இருக்கு. அதனால அது ஆரோக்கியம் ஆயிடுமா?"

தம்பி மெதுவாக, "நாலு பேர் சிரிக்கறாங்க மேடம்" என்றான்.

"ஊர் வழக்கத்தை மீறினா வியாதின்னு வெச்சா, ஊர் மாறினா வியாதியும் மாறிடும். இவங்க கையை நீட்டிச் சொல்றது உங்க மாடியில கிறுக்கு. எஞ்சின்ல சொல்லாம இருந்தாத்தான் தப்பு. ஆளு ஒண்ணுதானே? எங்க ஆளுங்களே ஒரு காலத்துல நாலு பேரு முகம் சுளிக்கறாங்கன்னு சிலதை வியாதின்னு எழுதிவெச்சு, பின்னால வெக்கப்பட்டு அடிச்சுத் திருத்தியிருக்கோம்."

இந்த நாலு பேரை நான் எங்கெங்கோ தேடியிருக்கிறேன். இவர்களுக்காகப் பெண்கள் சிரிப்பை அடக்குகிறார்கள், ஆண்கள் அழுகையை அடக்குகிறார்கள். அதில் ஒருவர் அப்போது கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே பேசுவது ஒரு சொல்கூடக் காதில் விழாமல் புழுங்கிக்கொண்டிருந்திருப்பார்.

ஆலோசகர் அக்கா பக்கம் திரும்பினார். "வேற கேள்வி இருக்கு. இதனால ஆளு வேதனைப்படறாங்களா? வேலை, சாப்பாடு, தூக்கம், மனுஷங்களோட பழக்கம், இதெல்லாம் கெட்டுப்போகுதா? தனக்கோ அடுத்தவங்களுக்கோ ஆபத்தா? எவ்வளவு நாளா இருக்கு, எந்த இடத்துல வருது? இதையெல்லாம் சேர்த்து வெச்சுத்தான் பாக்கணும். ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்க முடியாது. நீங்க சொல்லுங்க, ஒரு நாள் சொல்ல மறந்துட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அடடா, மறந்துட்டோமேன்னு தோணும்" என்றாள் அக்கா.

"பயமா இருக்குமா? நெஞ்சு அடிச்சுக்குமா?"

"எதுக்கு?"

"சொல்லிட்டுப் போனப்புறம் திரும்பி வந்து பாப்பீங்களா?"

அக்காவுக்கு அந்த அறையில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "திரும்பிப் பாக்க வேணாம்னுதானே மேடம் சொல்றதே. ரயிலைப் பின்னால ஓட்டிட்டு வந்தா சிக்னல் பாக்க முடியும்?"

ஆலோசகரும் சிரித்துவிட்டார். கேஸ் கை நழுவுகிறது என்று தம்பி மனைவிக்குத் தெரிந்துவிட்டது. தோற்கிறவர்கள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

"கத்தி ஊரைக் கூட்டினாத்தான் ஜாக்கிரதையா டாக்டர்? இவரு இருக்காரே, சத்தமே போட மாட்டாரு. பஸ் ஸ்டாப்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து அடுப்பைத் தொட்டுப் பாத்துட்டுப் போவாரு. சில நாள் பஸ்ஸுல ஏறி, இறங்கி வருவாரு. ராத்திரி நான் தூங்கினப்புறம் எழுந்து எழுந்து பூட்டை இழுத்துப் பாப்பாரு. கையை அவ்வளவு சுத்தமாக் கழுவுவாரு, சோப்பு வாங்கி மாளலை. பொறுப்புன்னா அது பொறுப்பு! ஆபீஸ்ல தனி ரூமே கொடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டு எங்கள் எல்லாரையும் பெருமையாகப் பார்த்தாள். ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். மூக்கைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார். தம்பி தன் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அப்போதுதான் கவனித்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. எதிர் வீட்டில் இத்தனை காலம் இருந்துகொண்டு, அவன் சட்டை மடிப்பைப் பார்த்த நான் கையைப் பார்த்ததில்லை. எங்கள் மாடியில் யாருமே பார்த்ததில்லை. கையைக் காட்டுகிறவளைப் பார்க்கத்தான் எங்களுக்கு நேரம் இருந்தது.

"இது உங்களுக்காக வெச்ச சந்திப்பு இல்ல. இங்க பேச வேணாம்னா வேணாம். வேற ஒரு நாள் தனியா வாங்க" என்றார் ஆலோசகர், அவனிடம், தணிந்த குரலில்.

அவன் பேசினான். அணை உடைந்த பிறகு யார் தடுத்து என்ன?

"தனி ரூம் இல்ல மேடம். ஸ்டோர் ரூம். தினம் லேட்டாப் போறேன்னு அங்க தூக்கிப் போட்டுட்டாங்க. பழைய பெட்டிங்களோட உக்காந்திருக்கேன். பாத்தது தெரியும், பூட்டினது தெரியும், இருந்தாலும் மனசு ஒத்துக்கமாட்டேங்குது. வீடு பத்திக்கும், எல்லாரும் செத்துடுவாங்க, நான்தான் காரணம்னு ஓடிக்கிட்டே இருக்கு. சிரிப்பா இருக்கும்னு தெரியுது. நிறுத்த முடியலை." அக்காவைப் பார்க்காமலே தொடர்ந்தான். "அக்கா 'அடுப்பு அணைஞ்சது'ன்னு சொன்னா, நிஜமா அணைஞ்சுதான்னு எனக்குள்ள ஒண்ணு கேக்குது. அக்கா ஒரு தடவை சொல்லிட்டு நிம்மதியாப் போயிடுது. நான் அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் சாகறேன். அந்தச் சத்தம் நின்னாப் போதும்னுதான் கையெழுத்துப் போட்டேன்."

அக்கா எழுந்து நின்றாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை. அதை விட்டுட்டு என்னை வண்டியை விட்டு இறக்கிட்டியேடா!"

அவன் குழந்தை மாதிரித் தேம்பினான். அவன் மனைவி சட்டென்று சுதாரித்துக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். இவருக்கு அலைச்சல். நாலு நாள் நல்லாத் தூங்கினா சரியாயிடும். இதையெல்லாம் எழுதிக்காதீங்க."

பார்த்தீர்களா, அக்காவாக இருந்தவரை அதற்குப் பெயர் பைத்தியம். புருஷன் பக்கம் திரும்பியதும் அலைச்சல்.

"அலைச்சல் இல்லம்மா. இது பேர் இருக்கற வியாதிதான், சரி பண்ணக்கூடியதுதான். உங்க வீட்டுல வேதனைப்படற ஆளு யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்றார் ஆலோசகர். அவள் கைப்பையின் ஜிப்பை மூடிக்கொண்டாள்.

அக்காவுக்கு அறிக்கை சாதகமாக வந்தது. மறு வாரமே எஞ்சினில் ஏறினாள். செயலாளருக்குத் தாங்கவில்லை. "பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டா எல்லாம் ஆச்சா?" என்று படிக்கட்டில் நின்று நியாயம் கேட்டார். "உங்களுக்கு அந்தப் பேப்பராவது இருக்கா சார்?" என்று கேட்டேன். என் நிதானத்தைப் பற்றிய பேச்சு அன்றோடு ஒழிந்தது. நல்லதாகப் போயிற்று.

தம்பி வாரம் ஒரு தடவை ஆலோசகரிடம் போகிறான். மருந்து எழுத வேறொரு டாக்டரையும் பார்க்கிறான். குடியிருப்பில் இது யாருக்கும் தெரியாது. பல் டாக்டரிடம் போகிறான் என்று அவன் மனைவி சொல்லிவைத்திருக்கிறாள். சொத்தைப் பல்லுக்கு எங்கள் ஜனங்களிடம் இருக்கிற கருணையைப் பார்க்க வேண்டுமே! போகிற வருகிற இடமெல்லாம், "இப்ப வலி தேவலையா?" என்று விசாரிப்பு. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். செயலாளர் தனக்குத் தெரிந்த பல் டாக்டரின் போன் நம்பரை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். வாயில் வந்தால் வைத்தியம், மனசில் வந்தால் வேடிக்கை. இவர்கள் சிரிப்புக்குப் பயந்து ஒரு மனுஷன், வலிக்காத பல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

ஆலோசகர் அவனுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார். ஒரு தடவை பூட்டு, ஒரு தடவை பார், நட. மனசு பதறும், பதறட்டும், திரும்பாதே. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கண்டிப்பு. பூட்டினேனா, அணைத்தேனா என்று அவன் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த நேரத்துக்கு ஆறும், மறுபடி கேட்கவைக்கும். அக்காவிடம் தனியாக அழுத்திச் சொல்லியனுப்பினாராம், அவனுக்காக நீங்கள் சொல்லிவிடாதீர்கள் என்று. தன் அடுப்பு, தன் குழாய் எல்லாம் அக்கா இப்போது அவன் காதில் விழாமல் உதட்டுக்குள் சொல்லிக்கொள்கிறாள். கை மட்டும் நீளும்.

நேற்றுக் காலை அக்காவும் தம்பியும் ஒன்றாகக் கிளம்பினார்கள்; அவன் மனைவி முன்பே வெளியே போயிருந்தாள். நான் என் வாசலில் நின்றிருந்தேன். தம்பி கதவைப் பூட்டினான், ஒரு தடவை இழுத்துப் பார்த்தான், படிக்கட்டுவரைக்கும் போனான். அங்கே கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்த விரல் வெளுத்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா, பூட்டினேன்ல?"

அக்கா பக்கத்தில் நின்று பார்த்தவள். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் ஊரறியச் சொல்லியே வாழ்ந்தவள். பூட்டு அவள் கண்முன்னால் தொங்குகிறது. ஒரு வார்த்தை சொன்னால் அவன் முகம் தெளிந்துவிடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நானே சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவள் என்னை முறைத்தாள்.

அவன் திரும்பி ஓர் அடி வைத்தான். நின்றான். கண்ணை மூடித் திறந்தான். அப்புறம் திரும்பி, ஒரு படி கீழே இறங்கினான். இன்னொரு படி.

அக்காவின் கை பின்னாலிருந்து விடுபட்டு முன்னால் நீண்டது. நேராக அவனைச் சுட்டிக்காட்டி, மாடி அதிர, "தம்பி கிளம்பியாச்சு!" என்றாள். சொல்லிவிட்டு, வழக்கம்போல் ஒரு நொடி நின்றாள்.

அவன் நின்று நிமிர்ந்து பார்த்தான். செயலாளர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று முதலில் எட்டிப் பார்த்தான். கீழ் மாடியில் யாராவது வருகிறார்களா என்று குனிந்து பார்த்தான். அதன்பிறகுதான், திருட்டுத்தனம் செய்கிறவனைப் போல, தாழ்ந்த குரலில் அவளுக்குத் திருப்பிச் சொன்னான்.

"தம்பி கிளம்பியாச்சு."